ஆடிக்காற்றின் எடை

27 ஜூன் 1992, சனி

தோள் கழன்றுவிட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை எதிர்க்காற்று. மூன்று சக்கர வண்டியின் பெடலைக் கையால் சுற்றிச் சுற்றி வந்தேன். வழியில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள், "தள்ளி விடட்டுமாம்மா?" நல்ல மனசுதான். ஆனாலும் இருபத்தொன்பது வயதில் ஒருத்தி முதுகுக்குப் பின்னால் வரும் எத்தனை கைகளுக்குத்தான் நன்றி சொல்வாள்? மூன்று வயதில் போலியோவில் போன காலுக்காக அழுது தீர்த்தாயிற்று. இந்தக் கைகள்தான் தீரவில்லை.

தினமும் ஹுமாயூன் பாயின் குடை ரிப்பேர் கடையில் வண்டியை விட்டுவிட்டுத்தான் ராஜபாளையம் மில்லுக்கு பஸ் ஏறுவேன். இன்று திரும்பி வரும்போது, அவர் ஸ்டூலில் கட்டி விரித்து வைத்திருந்த பெரிய குடை காற்றில் கிளம்பி, ஸ்டூலையும் இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடியது.

"ஸ்டூலையே இழுக்குதே பாய், என்னைய இழுக்காதா?" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். குடையைப் பிடித்து மடக்கிவிட்டு நிதானமாகக் கேட்டார். "நீ எம்புட்டு எடை தங்கச்சி?"

28 ஜூன்

எடையைச் சொல்லவில்லை. சொல்வதாகவும் இல்லை. ஆனால் பெரிய பட்டம் ஒன்று கட்டி, என் வண்டியைக் காற்றால் இழுக்க வைத்துப் பார்ப்பது என்று பாயும் நானும் முடிவு செய்துவிட்டோம்.

5 ஜூலை, ஞாயிறு

கண்மாய் வறண்டு கிடக்கிறது. பையன்கள் கிரிக்கெட் ஆடி ஆடி நடுவில் தரையைக் களம் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். பாய், பழைய பேப்பர் கடை சேக் முகைதீனிடம் ஸ்பிரிங் தராசு வாங்கி வந்திருந்தார். என்னை வண்டியில் உட்கார வைத்து, முன்பக்கம் தராசைக் கட்டி, என் தம்பி நம்பியை இழுக்கச் சொன்னோம். முள் ஏழு கிலோவுக்கு வந்ததும் வண்டி நகர்ந்தது.

அவ்வளவுதானா நான்? ஏழே கிலோவா? என் எடையை யாரும் கேட்காமலே வேலை முடிந்தது.

நம்பிக்கு மட்டும் முகம் சரியில்லை. "பட்டம் இழுத்துக்கிட்டுப் போய்க் கரையில மோதிட்டா?"

"கயித்துச் சுருக்கை உருவி விட்டா பட்டம் தனியாப் போயிரும்லே," என்றேன்.

"நல்லா அளந்துட்டுப் பொறவு பாப்போம்," என்றான்.

12 ஜூலை

செய்தித்தாள் பட்டம். ஆள் உயரம். கயிற்றில் மாட்டிய தராசு மூன்று கிலோ காட்டியது, பட்டம் கிழிந்தது. ஒரு வாரச் செய்தியும் முள்மரத்தில் தொங்குகிறது.

16 ஜூலை

மில்லிலிருந்து வந்ததும் கண்மாய்க்குப் போனோம். பழைய குடைத்துணிகளை பாயின் மனைவி நூர்பானு அக்கா மிஷினில் ஒட்டுப் போட்டுத் தைத்த பட்டம். கறுப்பு, நீலம், ஒரு மூலையில் பூப்போட்ட சிவப்பு. பார்க்கச் சகிக்கவில்லை. ஆறு கிலோ.

19 ஜூலை, ஞாயிறு

சத்திரப்பட்டித் தறியில் வாங்கிய பேண்டேஜ் துணி, கஞ்சியில் முக்கிக் காயவைத்தது. வெள்ளை வெளேரென்று ஏறியது. பதினொன்று! இதுதான், இதுவேதான்.

வண்டியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். கை மடியில் கிடக்கிறது. பின்னால் மூச்சு வாங்குகிறவர் யாருமில்லை. மலைப்பக்கமிருந்து காற்று வருகிறது, நான் போய்க்கொண்டிருக்கிறேன். எங்கே என்று இல்லை. சும்மா போகிறேன்.

"அக்கா தூங்குதா?" என்று நம்பி பாயிடம் கேட்டது காதில் விழுந்தது.

22 ஜூலை

மில்லில் நூல் டெஸ்டிங்குக்குப் புதிதாக வந்திருக்கும் மைமூனுக்கு வேலை சொல்லிக்கொடுத்தேன். "எல்லா நூலையும் இந்த அறைக் காத்துல ஒண்ணாப் போட்டு வச்சிட்டுத்தான் அறுத்துப் பாக்கணும். நேத்துக் காத்துல கிடந்ததையும் இன்னைக்குக் காத்துல கிடந்ததையும் ஒப்பிட்டா நம்பர் பொய் சொல்லும்."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஊருக்கு உபதேசம். மூன்று பட்டங்களை மூன்று நாள் காற்றில் அளந்தவள் யார்? நான் அளந்தது பட்டத்தையே இல்லை, ஞாயிற்றுக்கிழமைக் காற்றை.

26 ஜூலை, ஞாயிறு

இரண்டு தராசு, இரண்டு பட்டம், ஒரே காற்று. பக்கம் மாற்றியும் பார்த்தோம். வெள்ளை ஏழு கிலோவைத் தாண்டத் திணறும்போது, சகிக்காத ஒட்டுப்பட்டம் பத்தில் நிற்கிறது. பேண்டேஜ் துணியின் கண்ணெல்லாம் காற்று ஒழுகுகிறது. நூர்பானு அக்கா என்னைப் பார்த்த பார்வையில், நான் "சகிக்கவில்லை" என்று சொன்னதெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது.

"இன்னொருக்க அளந்துட்டு..." என்று ஆரம்பித்தான் நம்பி.

"அடுத்த ஞாயிறு நான் ஏறுதேன்," என்றேன்.

1 ஆகஸ்ட், சனி

ஆடிப்பூரம். தேர் பார்த்தேன். மாலை கட்டி விற்கிற நம்பிக்கு இன்று கட்டிக் கட்டியே விரல் ஓய்ந்தது. கூட்டம் வடம் பிடித்து இழுக்க, சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர்கள் குனிந்தும் நிமிர்ந்தும் கூடவே ஓடினார்கள். நாளைக்கு எனக்குக் கட்டை போட யாருமில்லை. ஆண்டாளிடம் அதற்கும் சேர்த்து நன்றி சொன்னேன்.

2 ஆகஸ்ட், ஞாயிறு

போகவில்லை.

பட்டம் ஏறியது. கயிறு விறைத்தது. நல்ல காற்று. வண்டி ஒரு முழம் நகர்ந்தது, நின்றது. நகர்ந்தது, நின்றது. நான் கத்தினேன், "இன்னும் ஏத்துங்க பாய்!" அவர் எனக்குப் பின்னால் எதையோ பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். என் மேல் பரிதாபம் போல.

எங்கே தப்பு? ஏழு வேண்டும், பத்து இருக்கிறது. பிறகு ஏன்? அளந்ததெல்லாம் பொய்யா? இல்லை, நானே ஆசைப்பட்டுக் கூடுதலாகப் படித்தேனா? அழுகையாக வருகிறது. போதும், விட்டுரலாம்.

3 ஆகஸ்ட்

காலையில் நம்பி மாலை கட்ட உட்கார்ந்தான். வாழைநாரை இழுக்க முடியாமல் முகம் சுளித்தான். கையைப் பிடித்து விரித்துப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையிலும் குறுக்காகத் தோல் உரிந்திருந்தது. கயிறு அறுத்த தடம்.

"கயித்தை எங்கலே கட்டுன?"

"வண்டிக்கு அடியில. பின்னால நின்னு இழுத்துப் பிடிச்சேன்."

"ஏம்லே?"

வாழைநாரைக் கீழே வைத்தான். "பள்ளிக்கூடம் போன நாள்ல இருந்து நாந்தானக்கா தள்ளுதேன். நீ கையை விட்டுப் போனா நான் என்ன செய்யன்னு தெரியல."

எல்லாவற்றையும் அளந்தேன். இவன் கையை அளக்கவில்லை. கோபம் கோபமாக வந்தது. எண்ணெய் எடுத்து அந்தக் கையில் தடவினேன். மாலையை நானே கட்டிக் கொடுத்தேன்.

9 ஆகஸ்ட், ஞாயிறு

வண்டிக்குப் பின்னால் அந்தக் கயிற்றை நானே கட்டச் சொன்னேன். அதன் நுனியில் தராசை மாட்டி நம்பி கையில் கொடுத்தேன்.

"பிடிச்சுக்கோ. எம்புட்டுப் பிடிக்கேன்னு சத்தமா வாசி."

போன வாரத்தைவிடப் பலத்த காற்றில் ஒட்டுப்பட்டம் ஏறியது. பின்னாலிருந்து நம்பியின் குரல். "ஆறு... அஞ்சுக்கா..." வண்டி ஊர்ந்தது. "நாலு." கொஞ்சம் வேகம். "ரெண்டு." நம்பி ஓடிவருகிறான், மூச்சு இரைக்கிறது. "ஒண்ணு."

அதற்குப் பிறகு குரல் இல்லை.

கை மடியில் இருந்தது. கண்மாயின் மண் வாசனை எதிரே வந்து என் மேல் மோதியது. சக்கரம் உருளும் சத்தம் மட்டும். முதுகு வெறுமையாக, லேசாக, என்னுடையதாக இருந்தது. தரை நகர்கிறதா நான் நகர்கிறேனா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. கரை நெருங்கியதும் சுருக்கை உருவினேன். பட்டம் தள்ளாடிக் கருவேலங்காட்டுக்குள் இறங்கியது. வண்டி தானாக நின்றது.

திரும்பிப் பார்த்தேன். நம்பி எங்கோ சின்னதாக, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். சந்தோஷமாக இருந்தது. அப்படியே எழுதிவைக்கிறேன்: சந்தோஷமாக இருந்தது.

29 நவம்பர், ஞாயிறு

நல்ல மழை. கண்மாய் நிறைந்துவிட்டது. சாயங்காலம் நம்பி காற்றடைத்த லாரி டியூப் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான்.

"கரையோரம் இடுப்பளவு தண்ணிதான், இறங்கிப் பாத்துட்டேன். தண்ணியில உன்னைய இழுக்க எம்புட்டு வேணும்னு அளந்துருவமாக்கா? தராசைக் கேட்டுட்டேன். பாயும் வாராக."

பின்னால் பிடிக்கிற கயிறு எங்கே என்று நான் கேட்கவில்லை. அதைக் கூடத்தில் கொடியாகக் கட்டியிருக்கிறான். என் மில் சேலை அதில்தான் காய்கிறது.