மேட்டுத் தெருவுக்கு ஏறாத தண்ணீர்

ஜனவரி 11

தம்பிக்கு,

இவ்வளவு நாள் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். இனியும் பேசாமல் இருந்தால் எனக்குச் சொரணையே இல்லை என்று நீ முடிவுகட்டிவிடுவாய். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்காதே. போனில் நீ நடுவில் சிரிப்பாய், நானும் சிரித்துத் தொலைப்பேன், கோபம் வீணாகிவிடும். நீயும் எழுதியே பதில் சொல்.

முதலில் அந்த வாளி விஷயம். என் மகள் உன் வீட்டுக்கு வந்த புதிதில், காலையில் எழுந்ததும் வாளி, குண்டான், டீ போடும் பாத்திரம் வரை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தாளாம். நீயும் உன் மனைவியும் அதைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினீர்கள். 'எங்க வீட்டு வாலு குழாயை நம்ப மாட்டேங்குது' என்று கீழே ஒரு வரி வேறு. எல்லோரும் சிரித்தார்கள். நான் குடிநீர் வாரியத்தில் பொறியாளர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இந்த ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவன். அந்தப் படத்தில் சிரிப்புக்கு ஆளானது அவளா, நானா?

அதிலும் அது யார் வைத்த பெயர், 'வாலு'? பிறந்ததிலிருந்து அவள் எங்களுக்குப் பாப்பா. இப்போது போனை எடுத்தால் அவளே 'வாலு பேசறேன்ப்பா' என்கிறாள்.

அப்புறம் உன் வர்ணனைகள். அங்கே பேருந்து சொன்ன நேரத்துக்கு வருகிறது, ஹார்ன் சத்தமே இல்லை, குப்பையை மூன்று தொட்டியில் பிரித்துப் போடுகிறார்கள், அலுவலகத்தில் மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாய். சரி, சந்தோஷம். இங்கே பேருந்து வராது. ஆனால் வராத பேருந்துக்காக நிற்கிற நாலு பேரும் அரைமணியில் சொந்தமாகிவிடுகிறார்கள். உன் மேலதிகாரியின் பெயர் தெரிந்து உனக்கு என்ன கிடைத்தது? என் மேலதிகாரியின் சர்க்கரை அளவே எனக்குத் தெரியும்.

வெளிநாட்டு வேலைக்கான அழைப்பு அன்று நம் இருவருக்கும்தான் வந்தது. நீ மறந்திருப்பாய், எனக்கு மறதி குறைவு. பாப்பா அப்போது கைக்குழந்தை, எப்போது பார்த்தாலும் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும். அவளை விட்டுவிட்டு நான் போகவில்லை. நீ போனாய். யாருக்காக நான் இங்கே தங்கினேனோ, அவளே இப்போது படிப்பு என்று சொல்லி உன் வீட்டு மாடியறையில் இருக்கிறாள். வெளிநாட்டையும் எடுத்துக்கொண்டாய், மகளையும் எடுத்துக்கொண்டாய். மிச்சம் என்ன இருக்கிறது, அதையும் கேள்.

ஏப்ரலில் படிப்பு முடிகிறது. எங்கள் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ஓர் இடம் பேசி வைத்திருக்கிறேன். மே மாதம் சேர வேண்டும். அனுப்பி வை. 'அவளே முடிவு செய்யட்டும் அண்ணா' என்று உங்கள் நாட்டுப் பேச்சைப் பேசாதே.

அண்ணன்

*

ஜனவரி 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலம். அண்ணியும் நலம் என்று நம்புகிறேன். உங்கள் நலத்தைக் கேட்கவே வேண்டாம், கடிதத்தின் காரமே சொல்கிறது.

அந்தப் படத்தை அனுப்பியது தப்பு. என் மனைவியிடமும் சொல்லிவிட்டேன். 'நமக்குச் செல்லம்னு தோணினது அவருக்கு வேற மாதிரிதானே இருக்கும்' என்றாள். மன்னியுங்கள்.

இங்கே எல்லாம் சொர்க்கமில்லை என்று நான் எழுதினால், சொகுசில் இருப்பவன் அலுத்துக்கொள்கிறான் என்பீர்கள். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தலையசைப்பார், நானும் அசைப்பேன். அவர் பெயரைக் கதவில் படித்துத்தான் தெரியும். போன மாதம் அந்தக் கதவில் வேறு பெயர் ஒட்டியிருந்தது. வீடு மாறிப் போனாரா, ஒரேயடியாகப் போய்விட்டாரா, யாரைப் போய்க் கேட்பது என்றே தெரியவில்லை. அன்று முழுக்க எனக்கு நீங்கள் சொல்கிற அந்தப் பேருந்து நிறுத்தத்தில் போய் நிற்க வேண்டும்போல இருந்தது.

அதே சமயம் இதையும் மறைக்கக் கூடாது. என் மனைவிக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தபோது, நான் சிபாரிசுக்கு யாரையும் பிடிக்கவில்லை, யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. வரிசைப்படி கூப்பிட்டார்கள், செய்தார்கள், அனுப்பினார்கள். யாரையும் தெரியாமலேயே இங்கே வாழ்ந்துவிட முடிகிறது. அது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

உங்களிடம் சொல்லப் பயந்துகொண்டு அவள் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறாள். அவள் படிக்கும் இடத்திலேயே வேலைக்குக் கேட்டிருக்கிறார்கள். ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். சாப்பாட்டு மேஜையில் பேச்சு வந்தது. "அப்பாகிட்ட போயிடணும்னுதான் இருக்கு சித்தப்பா. ஆனா காலங்காத்தால குடத்தைத் தூக்கிட்டு ஓடறத நினைச்சா காலு இழுக்குது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். விளையாட்டாகச் சொன்னதுதான். நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அவளைப் பிடித்து வைக்க எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் அவள் உங்கள் மகள்.

என்றும் உங்கள்
தம்பி

*

பிப்ரவரி 20

தம்பிக்கு,

குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் அவளுக்குத் தடை என்றால், அந்தத் தடை இன்று முதல் இல்லை. பாப்பாவை உட்கார வைத்து இந்தக் கடிதத்தைப் படிக்கச் சொல்.

நம் தெருவில் இப்போது நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறது. காலை, மதியம், மாலை, எப்போது குழாயைத் திருகினாலும் வருகிறது. உங்கள் நாட்டில் வருகிற மாதிரியேதான். நம்பாவிட்டால் உன் அண்ணியைக் கேள். அவள் பழக்கத்தில் இன்னும் பிடித்துப் பிடித்து வைக்கிறாள். 'எதுக்குடி?' என்றால், 'நாளைக்கு வேற ஆபீசர் வந்தா?' என்கிறாள். அவள் அப்படித்தான்.

எப்படிச் செய்தேன் என்று கேட்பாய். நம் தெருவுக்குப் பிரிகிற வால்வைத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். வால்வுக்காரர் தலையைச் சொறிந்தார். "சார், எழுத்துல குடுத்திருங்க" என்றார். "என் வாய்ச்சொல் போதாதா?" என்றேன். போய்த் திறந்துவிட்டார். இத்தனை வருட உழைப்பில் எனக்கென்று நான் எதையும் எடுத்துக்கொண்டதில்லை. பதவி உயர்வு என்னைத் தாண்டித் தாண்டிப் போனபோதும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் மகள் வந்து ஆற அமரக் குளிக்கட்டும் என்று ஒரு வால்வைத் திறந்தேன். இதைக்கூடச் செய்ய முடியாவிட்டால் நான் என்ன பொறியாளர்?

தெருவில் ஒரு பையன் தினமும் பைக் கழுவுகிறான். எதிர்வீட்டம்மா வாசலில் செடி வைத்துவிட்டார். நீ வர்ணிக்கிற தெரு மாதிரியே ஆகிவிட்டது. ஹார்ன் சத்தம் நிற்பது மட்டும்தான் பாக்கி.

அவள் எந்தத் தேதிக்கு வருகிறாள் என்று எழுது.

அண்ணன்

*

மார்ச் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

முதலில் சிரித்தாள். அண்ணி சொன்னதை எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். வால்வு பற்றி வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. திரும்ப மேலேயிருந்து படித்தாள்.

"சித்தப்பா, நம்ம தெரு பள்ளம். மேட்டுத் தெருவும் நாங்களும் ஒரே குழாய். நமக்குத் திறந்தே வெச்சா அங்க ஏறவே ஏறாது. அங்க என்ன பண்றாங்கன்னு அப்பா எழுதவே இல்லையே?"

சின்ன வயதில் உங்களோடு வால்வுக் குழிகளைப் பார்க்க வந்தவள், அவளுக்கு நான் என்ன சமாதானம் சொல்வது? "ஏதாவது மாற்று ஏற்பாடு செய்திருப்பார்" என்றேன். "செஞ்சிருந்தா ரெண்டு பக்கம் எழுதியிருப்பார்" என்றாள்.

என் மனைவி நடுவில் புகுந்து, "உனக்காகத்தானே செஞ்சிருக்காரு, அதையும் பாரேன்" என்றாள். அப்போதுதான் உங்கள் மகள் அழுதாள். "அதான் சித்தி பயமா இருக்கு. எனக்காகத் திறந்தது. நான் அங்க போனா அதை மூடவே மாட்டார். மேட்டுத் தெருவுல என் கூடப் படிச்சவ இருக்கா. அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்றாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஒன்று சொன்னாள். "அப்பா 'வா'ன்னு ஒரு வார்த்தை எழுதட்டும். வந்துடறேன். வேற எதுவும் எழுத வேண்டாம்."

அண்ணா, நீங்கள் அப்படி எழுதினால் நானே அவளை விமானம் ஏற்றிவிடுவேன். எழுதாவிட்டால் அவள் இங்கே வேலையில் சேருவாள். இதற்குமேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன். சொன்னால் என் ஆசையும் அதில் கலந்துவிடும்.

தம்பி

*

ஏப்ரல் 2

தம்பி,

கூட்டாமல் குறைக்காமல் எழுதியதாகச் சொல்கிறாய். கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

மேட்டுத் தெருவில் என்ன பண்ணுகிறார்கள் என்று கேட்டாள் அல்லவா? ஆபீசுக்கு வந்தார்கள். காலிக் குடத்தோடு பத்துப் பதினைந்து பெண்கள். அங்கே தையல் மெஷின் வைத்திருக்கிற அம்மா ஒருத்திதான் முன்னால் நின்றாள். "சார், உங்க தெருவுல வண்டி கழுவறாங்க. எங்க தெருவுல பசங்க முகம் கழுவாம ஸ்கூலுக்குப் போகுது" என்றாள். ஏதோ கோளாறு, பார்க்கச் சொல்கிறேன் என்றேன். "கோளாறுக்கு எந்தத் தெருன்னு தெரியுமா சார்? கரெக்டா உங்க வீட்டுப் பக்கம் மட்டும் வராம இருக்குதே!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வால்வுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எழுத்தில் கொடுக்காததால் பழி அவர் தலையில் விழ இருந்தது. யார் சொல்லித் திறந்தது என்று மேலதிகாரி கேட்டபோது நான்தான் எழுந்து நிற்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அண்ணி ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். "வரப்போறது நம்ம பொண்ணா, மகாராணியா? ஒரு தெருவையே காயப்போட்டு வரவேற்பு குடுக்கறீங்களே" என்றாள்.

வால்வை நானே போய்த் திருப்பினேன். உன் கடிதம் வந்த பிறகா, அதற்கு முன்பா என்று கேட்காதே. அந்தப் பெருமையையும் உனக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆமாம், உன்மேல் எனக்குப் பொறாமை. படித்தவன் என்பதற்காக அதற்கு வேறு பெயர் தேடப் போவதில்லை. உன் பேருந்து, உன் மூன்று தொட்டி, உன் வரிசை, எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள். இங்கே உட்கார்ந்து நான் வயிறெரிவது வேறு ஒன்றுக்காக. அவள் என் கடிதத்தைப் படித்தபோது மேஜைக்கு எதிரில் நீ இருந்தாய். அவள் சிரித்ததை நீ கேட்டாய். சத்தம் நின்றதும் நிமிர்ந்து பார்த்திருப்பாய். என்னை நினைத்து என் மகள் வெட்கப்பட்டாள், அந்த வெட்கத்தைக்கூட நீதான் கூட இருந்து பார்த்தாய். எனக்கு வந்தது உன் எழுத்தில் ஒரு பக்கம்.

ஒரு தாளில் 'வா' என்று எழுதிப் பார்த்தேன். எழுதினால் நிச்சயம் வந்துவிடுவாள். வந்து, குறை ஒன்றும் சொல்லாமல் காலையில் குடத்தோடு நிற்பாள். பரிசோதனைக் கூடத்தில் 'சார் பொண்ணு' என்பார்கள், அதையும் கேட்டுக்கொண்டு வேலை பார்ப்பாள். சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து, அந்த வால்வைப் பற்றி மட்டும் கேட்காமல் மற்றதெல்லாம் பேசுவாள். அவள் உன் வீட்டில் இருக்கிறாளே என்று எரிவதைத் தாங்கிவிடுவேன் போலிருக்கிறது. இதைத் தாங்க மாட்டேன்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அங்கேயே வேலையில் சேரச் சொல். இங்கே அவளுக்குப் பேசி வைத்த இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லியாயிற்று. அவள் பயந்து பயந்து உன்னிடம் சொல்லி, நீ எனக்கு எழுத வேண்டாம். இனி எது என்றாலும் நேரே எனக்கே சொல்லட்டும். திட்டினாலும் பரவாயில்லை, நடுவில் நீ வேண்டாம். குளிர் அதிகமானால் அவளுக்கு நெஞ்சில் கட்டிக்கொள்ளும். உன் மனைவிக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தாலும் நான் சொன்னதாகச் சொல்.

கடைசியில் என்ன போட்டு முடிப்பது என்றுதான் தெரியவில்லை. 'அன்புள்ள அண்ணன்' என்று போட்டால் அது இன்றைக்குப் பொய். 'பாப்பாவின் அப்பா' என்று போட்டால், அதை உன்னிடம் நிரூபிக்கப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. உன் அண்ணி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "பேரே போடலையே?" என்கிறாள். போடவில்லை. இப்படியே உறையில் வைத்து ஒட்டி, ஆபீசுக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிடப் போகிறேன்.