ஏழாம் அத்தியாயத்தில் மூழ்கிய படகு

தூத்துக்குடி
22-7-2024, திங்கள்

அன்புள்ள பத்மா,

காலையிலிருந்து ஐந்து தடவை போன் பண்ணிவிட்டேன். 'கதை சம்பந்தமாக எதுவானாலும் கடிதத்தில்தான்' என்ற உன் சட்டம் இன்றைக்குமா? சரி, எழுதுகிறேன். தேசிக் அண்ணன் துறைமுக ஆபீஸ் முடிந்து ஸ்ரீவைகுண்டம் பஸ் ஏறும்முன் இதை அவர் கையில் கொடுத்துவிடுவேன். உன் வீட்டுக்காரர் நீட்டினால் வாங்கித்தானே ஆகவேண்டும்.

நேற்று ஞாயிறு சிறுவர் இணைப்பில் நம் தொடரின் ஏழாம் அத்தியாயம் வந்துவிட்டது. உன் முறை, நீ எழுதியது. 'விடிவெள்ளி' படகைக் கடலில் முக்கிவிட்டாய். நம் கதைப்பெண் பவளத்தின் அப்பா திரும்பவில்லை.

பத்மா, தருவைகுளத்தில் நிஜமாகவே ஒரு 'விடிவெள்ளி' இருக்கிறது. என் வகுப்பு செலஸ்டினாவின் அப்பா படகு. நாலாம் அத்தியாயம் நான் எழுதும்போது, "டீச்சர், எங்க அப்பா போட்டு பேர வைங்க டீச்சர்" என்று சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வைத்துவிட்டேன். அவர் மாதா கோவில் கொடியேற்றத்துக்கு முன்னால் வந்துவிடுவதாகச் சொல்லித் நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலுக்குப் போய் இருபத்து மூன்று நாளாகிறது. வெள்ளிக்கிழமையே வந்திருக்க வேண்டும். வயர்லெஸ்ஸிலும் பதில் இல்லை.

இன்று அவள் அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து பேப்பரை என் மேசைமேல் போட்டாள். "எம் புருசன் கடல்ல நிக்குதாரு. நீங்க எழுதி முக்கிட்டீங்களே, நல்லாருப்பீங்களா?" என்றாள்.

எட்டாம் அத்தியாயம் என் முறை. புதன்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். அந்த அப்பாவைப் பிழைக்க வைத்துவிடுகிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுது.

உன்
கிருபை


ஸ்ரீவைகுண்டம்
23-7-2024

அன்புள்ள கிருபை,

படித்ததும் எழுந்து கோவிலுக்குப் போனேன். கள்ளபிரான் சன்னதியில் அந்தக் குழந்தையின் அப்பாவுக்காக வேண்டிக்கொண்டு வந்துதான் எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் கோபமும் வருகிறது. பன்னிரண்டு அத்தியாயத்துக்கும் முதலிலேயே திட்டம் போட்டு, ஜெராக்ஸ் எடுத்து உனக்குக் கொடுத்தேனா இல்லையா? ஏழில் படகு மூழ்கும், அப்பா வரமாட்டார் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேனே. ஒரு தடவை புரட்டியிருந்தால் ஊரில் ஓடுகிற படகின் பெயரை வைத்திருப்பாயா? "முடிவு தெரிஞ்சா எனக்கு எழுத ஓடாதுளா" என்று பெருமை வேறு. அது நிஜப் பெயர் என்று நான் என்ன கனவா கண்டேன்?

பெயரை மாற்று. மன்னிப்புக் கேட்டு ஒரு குறிப்புப் போடச் சொல். அப்பாவை மட்டும் திருப்பிக் கொண்டுவராதே. எனக்குப் பத்து வயதில் எங்கள் அப்பாவை ஆற்று வெள்ளம் கொண்டுபோனது உனக்குத் தெரியும். அப்போது நான் படித்த கதைகளில் எல்லாம் காணாமல் போன அப்பாக்கள் கடைசிப் பக்கத்தில் வந்து நின்றார்கள். நானும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வராத அப்பாவைப் பற்றி ஒரு கதையாவது குழந்தைகளுக்கு இருக்கட்டும் என்றுதான் இந்தத் தொடரையே ஆரம்பித்தேன். அதை என்னிடமிருந்து பிடுங்காதே.

பத்மா


தூத்துக்குடி
24-7-2024

பத்மா,

பெயரை மாற்றினால் மூழ்கியது மேலே வந்துவிடுமா?

செலஸ்டினா இன்று சாப்பாட்டைத் தொடவில்லை. "அடுத்த வாரம் அப்பா வந்துருவாருல்லா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். கதையில் வருகிற அப்பாவையா, அவள் அப்பாவையா என்று எனக்கு விளங்கவில்லை. வருவார் என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்த இடத்திலேயே அத்தியாயத்தை எழுதி, உன்னைக் கேட்காமல் அனுப்பியும் விட்டேன். அப்பா ஒரு காலிக் கேனைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய நீந்திக் கரையேறுகிறார்.

நீ உன் திட்டத்தைக் கட்டிக்கொண்டு அழு. எனக்கு இந்தப் பிள்ளை முகம்தான் முக்கியம்.

கிருபை


ஸ்ரீவைகுண்டம்
25-7-2024

கிருபை,

ஒன்பதிலிருந்து தொடரில் என் பெயர் வேண்டாம் என்று பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். இனி இவரிடம் உறை எதுவும் கொடுத்தனுப்பாதே. படகு வந்தால் மட்டும் ஒரு வரி தெரிவி.

பத்மஸ்ரீ


தூத்துக்குடி
29-7-2024

அன்புள்ள பத்மா,

படகு வந்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானம். இன்ஜின் பழுதாகி, பாட்டரியும் செத்து, காற்று இழுத்த பக்கமெல்லாம் போயிருக்கிறார்கள். வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. எல்லாரும் சுகம்.

ஒரு வரி போதும் என்று முழுப் பெயரும் போட்டு எழுதினாய். என்னால் அதோடு நிறுத்த முடியவில்லை.

இன்று வகுப்பில் எட்டாம் அத்தியாயத்தை வாசித்தேன். ஒரே கைதட்டல். செலஸ்டினா பெஞ்சுமேல் ஏறிக் குதித்தாள். மணி அடித்து எல்லாரும் போன பிறகு இசக்கியம்மாள் என்கிற பிள்ளை மட்டும் நின்றாள். இரண்டு வருஷத்துக்கு முன் கடலுக்குப் போன அவள் அப்பா திரும்பவே இல்லை. உன் ஏழாம் அத்தியாயத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள், விரித்துக் காட்டினாள். "இந்த அப்பா நீந்தி வந்துட்டாரு. எங்க அப்பா ஏன் டீச்சர் நீந்தல?" என்று கேட்டாள்.

ஐயோ பத்மா! தினமும் என் முன்னால் உட்காருகிற பிள்ளை. அவளை மறந்துவிட்டு எழுதியிருக்கிறேன். செலஸ்டினாவுக்காகச் செய்ததைத் தப்பு என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் நீ யாருக்காக எழுதினாய் என்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

உன் திட்டத்தாளைத் தேடி எடுத்து முழுக்கப் படித்தேன். என்மேல் கோபம் தீரவேண்டாம். அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லட்டும் என்று மட்டும் எழுது.

உன்
கிருபை


ஸ்ரீவைகுண்டம்
30-7-2024

அன்புள்ள கிருபை,

உறையை வாங்கவே கூடாது என்றுதான் இருந்தேன். "படகு வந்துடுத்தாம், படி" என்று இவர் கையில் திணித்துவிட்டார். பெருமாள் காப்பாற்றினார்.

அந்தப் பிள்ளை கேட்டது நான் கேட்ட கேள்விதான். எங்கள் அப்பாவுக்கு நன்றாக நீந்தத் தெரியும். நாற்பது வருஷமாகப் பதில் கிடைக்கவில்லை. அவளிடம் சொல்வதற்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதிப் பார்த்தேன். மூன்று தாளைக் கிழித்ததுதான் மிச்சம்.

உன் எட்டாம் அத்தியாயம் அப்படியே இருக்கட்டும். ஆனால் கதையில் அந்தப் படகில் இன்னொருவரும் போனார். அவர் வரவில்லை. அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள். ஒன்பதை நானே எழுதுகிறேன், அதிலிருந்து கதை அவளுடையது. இது என் திட்டத்தில் இல்லை. பத்தாவதில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது, பயமாகத்தான் இருக்கிறது. இசக்கியம்மாள் வேண்டாம் என்றால் இதையும் எழுதமாட்டேன்.

நாளைக் காலை இவரோடு பஸ் ஏறி வருகிறேன். எனக்குப் பத்து வயதில் யாரும் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. நான் அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். நீ மீன்குழம்பு ஏதும் வைத்துவிடாதே தாயே. அவளோடு சேர்த்து நம் மூன்று பேருக்கும் புளியோதரை நான் கட்டிக்கொண்டு வருகிறேன்.

உன்
பத்மா