ஏரிக்கு அரை மணித்தியாலம்

ஐப்பசி, ஞாயிறு இரவு

சுவிஸுக்கு வந்த நாளிலயிருந்து, இலை பழுக்கிற காலத்தில மலை ஏரியொண்டைப் பார்க்கவேணும் எண்டு கேட்டனான். இண்டைக்குத்தான் இவர் ஓம்பட்டார். ஆனால் தன்ர தமையன் குடும்பத்தையும் கூப்பிட்டிட்டார். பிறகென்ன, ஆட்டிறைச்சி, புட்டு, சம்பல், அடுப்பு, கரி! கார் நிப்பாட்டின இடத்திலயே கடை பரப்பியாச்சு. அங்கயிருந்து ஏரிக்கு அரை மணித்தியால நடைதான். சாப்பிட்டிட்டு எல்லாரும் நடக்க வெளிக்கிட்டினம்.

"நீர் சாமான்களோட இரும். வந்து தேத்தண்ணி குடிப்பம்" எண்டார் இவர்.

நானும் மாடு மாதிரித் தலையாட்டினன். அதுதான் இப்ப பத்தியெரியுது.

மகள் ஃபோனில ஏரியைப் படமெடுத்துக்கொண்டு வந்தாள். இவர் அதைக் குடும்ப குரூப்பில போட்டார். யாழ்ப்பாணத்திலயிருந்து தங்கச்சி கேக்கிறாள்: "அக்கா, நேரில இன்னும் வடிவோ?"

"ஓம்" எண்டு போட்டன்.