அப்பா அசையாமல் உட்கார்ந்த காலை

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். உன் குரலைக் கேட்டதும் வாய் தானாக வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். வேலைக்கு நடுவில் படிக்காதே, வீட்டில் உட்கார்ந்து படி.

அப்பாவுக்கு லேசான மயக்கம், சும்மா கண்காணிப்புக்காக ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? அது பொய், அக்கா. அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் வரவில்லை, பேச்சு குழறுகிறது. உயிருக்கு இனி பயமில்லை என்கிறார்கள். "நீ அப்பா பக்கத்துல இருக்கறதாலதான்டி நான் இங்க நிம்மதியாத் தூங்கறேன்" என்று நேற்றும் சொன்னாய். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

என் வகுப்பு உனக்குத் தெரிந்ததுதான். குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் காலையில் சீகோங் என்கிற சீனத்து மூச்சுப் பயிற்சி, கடைசியில் தியானம். ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று அப்பாவை நான்தான் பிடித்து இழுத்துப் போனேன். வந்தாரே தவிர, கிண்டலுக்குக் குறைவில்லை. மூச்சை இழுத்துக் கையை மெதுவாக உயர்த்தச் சொன்னால், "என்னம்மா இது, பஸ் கண்ணாடியைத் தொடைக்கற மாதிரி இருக்கு" என்பார். தியானத்துக்குக் கண்ணை மூடச் சொன்னால் இருமல் வரும், முதுகு அரிக்கும், "முடிஞ்சுதா?" என்ற கேள்வி வரும். "ஆயுசு பூரா பஸ் ஓட்டறப்ப கண்ணை மூடாம இருந்ததுக்குத்தான்மா எனக்குச் சம்பளம் குடுத்தாங்க" என்பார். வகுப்பே சிரித்துவிடும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அன்றைக்கு அவர் அசையவே இல்லை. மணி அடித்தேன். எல்லோரும் கண் திறந்தார்கள், அவர் திறக்கவில்லை. நாற்காலியில் தலை லேசாகச் சாய்ந்திருந்தது. தியானத்தில் ஆழ்ந்தவரைத் தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது, தானாக எழுந்து வரட்டும் என்பது எங்கள் வகுப்பின் விதி. நான் போட்ட விதி. முன்வரிசைப் பல் டாக்டரம்மா, "ஐயாவை ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்களேன்" என்றார். நான் உதட்டில் விரலை வைத்து, "இன்னிக்குத்தான் அவருக்குக் கைகூடியிருக்கு, சத்தம் போடாமப் போங்க" என்று சொன்னேன். டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! கேலி பண்ணிய மனுஷரை உட்கார வைத்துவிட்டேனே என்று கதவோரம் நின்று போட்டோ எடுத்தேன். உனக்கு அனுப்பியது அதைத்தான். "அப்பா இவ்வளவு அமைதியா இருந்து நான் பார்த்ததே இல்லடி" என்று நீ பிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாய். மயக்கம் மறுநாள் வந்ததாக நான் சொன்னதும் பொய்தான். அந்தப் படத்தைத் தயவுசெய்து கழற்றிவிடு, அக்கா.

அப்புறமும் நான் அவரைத் தொடவில்லை. பாய்களைச் சத்தமில்லாமல் சுருட்டினேன், கூடத்தைப் பெருக்கினேன். வாயோரம் எச்சில் வழிவதைப் பார்த்தபோதுதான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். எப்போது ஆரம்பித்தது என்று ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் கை பிழைத்திருக்குமாம்.

வகுப்பை மூடிவிட்டேன். எல்லோரும் ஆறுதல் சொல்ல வருகிறார்கள். கதவைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது.

இன்று அப்பாவுக்குக் கொஞ்சம் பேச்சு வந்தது. அன்றைக்கு அவருக்கு எல்லாமே காதில் விழுந்ததாம். மணிச் சத்தம், டாக்டரம்மா கேட்டது, நான் சொன்ன பதில், எல்லாம். என்னைக் கூப்பிடப் பார்த்தாராம், நாக்கு எழவில்லையாம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. பிறகு இடது கையால் என் தலையைக் கோதினார். ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

"பெரியவ எப்ப வருவா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். லீவு போட்டுவிட்டுச் சீக்கிரம் வா, அக்கா. வந்து என்னை என்ன வேண்டுமானாலும் கேள், வாங்கிக்கொள்கிறேன். அப்பா எதிரில் மட்டும் வேண்டாம். எனக்குப் பரிந்து பேச வாயைத் திறப்பார், வார்த்தை வராமல் தவிப்பார். அதை என்னால் பார்க்க முடியாது.

இன்னமும் உன் தங்கைதான் என்ற நம்பிக்கையில்,
சின்னவள்