ஏழாவது உத்திரம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நல்ல சுகத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் இரண்டு வேளையும் எங்கள் நினைப்பு. போனில் பேசினால் உன் அம்மா குறுக்கே புகுந்துவிடுவாள், நான் சொல்ல வந்தது பாதியில் நிற்கும், அதனால்தான் கடிதம். அவளுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. இத்தனை நாள் தெரியாத தூசியெல்லாம் இப்போது தெரிகிறதாம், வீட்டில் என்னை ஓர் இடத்தில் உட்கார விடுவதில்லை. அங்கே குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, ஸ்டைலெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தேவாலயம் எரிந்த செய்தி கேட்டு அழுதாயே, இனி அழ வேண்டாம், அதன் மரவேலை முழுவதும் உன் அப்பன் கையில் இருக்கிறது. பாடகர் மாடியில் மின்கம்பி பழுதாகிப் பிடித்த தீ அது. கூரை ஓடுகளும் சட்டங்களும் போய்விட்டன, நூற்றைம்பது வருடச் சுவர் மட்டும் அசையவில்லை. இப்போது உள்ளே நின்று அண்ணாந்தால் வானம், சுற்றிலும் சாரம், பீடத்தின் மேல் தார்ப்பாய். கூரையைத் தாங்கும் ஏழு உத்திரங்களும் கரிக்கட்டையாக நின்றன. பொறியாளர் அம்மா ஒருவர் வந்தார், உன் வயதுதான் இருக்கும், ஏழையும் இறக்கிவிட்டு இரும்பு போடலாம் என்றார். நான் விடவில்லை. பருத்த மரம் வெளியேதான் கருகும், அந்தக் கரியே உள்ளே தீ போகாமல் தடுக்கும், இரண்டு விரற்கடை சுரண்டினால் நேற்று அறுத்த மரம் போல இருக்கும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏழும் தாங்கும், ஒன்று தாங்காவிட்டாலும் நான் உளிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன், நீங்கள் இரும்பே போட்டுக்கொள்ளுங்கள் என்று பங்குத் தந்தை முன்னால் வாயை விட்டுவிட்டேன். உன் அம்மா கேட்டுவிட்டு, ஊருக்கெல்லாம் தாழ்ப்பாள் செஞ்சு குடுக்கறீங்க, உங்க வாய்க்கு ஒண்ணு செஞ்சுக்கக் கூடாதா என்றாள்.

ஆறு உத்திரம் நான் சொன்னபடியே வந்தது. சுரண்டச் சுரண்ட உள்ளே செம்மரநிறம், தட்டினால் கணீரென்றது. ஏழாவதில், சுவருக்குள் நுழையும் முனையில் உளியை வைத்தேன், ஈர மண்ணில் இறங்குவது போல இறங்கிவிட்டது. அந்த மூலைக்குத் தீ வரவே இல்லை. உளியோடு வெளியே வந்தது மரமே இல்லை, மரத்தூளும் பசையும் குழைத்து வைத்த அடைப்பு. யார் அடைத்தது என்று ஊரைக் கேட்கத் தேவையில்லை, என் கைவேலை எனக்குத் தெரியாதா. இருபத்தெட்டு வருடத்துக்கு முன் கூரை ஒழுகி அந்த முனை மக்கியிருந்தது, வெட்டியெடுத்துப் புது மரம் ஒட்டுப்போட என்னைத்தான் கூப்பிட்டார்கள். வேலை பாதியில் இருக்கும்போது உன் அம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது என்று ஆள் வந்தது. தற்போதைக்கு என்று தூளைக் குழைத்து அடைத்து, மேலே வர்ணம் இழுத்துவிட்டு ஓடினேன். நீ பிறந்தாய். நாளைக்குச் சரிசெய்யலாம், நாளைக்குச் சரிசெய்யலாம் என்றே போனது, கேட்டவர்களிடம் முடித்தாயிற்று என்று சொல்லியும் விட்டேன்.

உன்னிடம் மறைப்பானேன், கொஞ்ச நேரம் சாரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் யாருமில்லை. இன்னொரு முறை தூளைக் குழைத்தால் எவருக்கும் தெரியப்போவதில்லை, என் வாய்ச்சவடாலும் பிழைக்கும். சொல்லிவிட்டால் என் ஒருவனால் ஏழு உத்திரமும் போய் இரும்பு வந்துவிடும். ஆனால் அந்த முனைக்கு நேர் கீழே மூன்று வரிசை பெஞ்சு இருந்த இடம். இத்தனை வருடம் அது யார் தலையிலும் விழாதது என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. இறங்கிப் போய்ப் பொறியாளரிடமும் பங்குத் தந்தையிடமும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, சொன்ன வாக்குப்படி பெட்டியையும் தூக்கிக்கொண்டேன். அந்தப் பெண், பெட்டியக் கீழ வைங்க, மத்த ஆறுல எங்கயாவது இப்படிக் கை வச்சிருக்கீங்களா என்று கேட்டார். இல்லை என்றேன். இதைச் சொன்னவர் அதையும் சரியாத்தான் சொல்வாரு, ஆனாலும் பாரம் ஏத்திப் பாத்துடுவோம் என்றார். உன்னைப் போலத்தான், எதையும் சும்மா ஒத்துக்கொள்ளும் ரகமில்லை.

ஆறிலும் மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டு, எவ்வளவு வளைகிறது என்று நூல் கட்டி நாள் முழுக்கப் பார்த்தார்கள். அரை விரற்கடை கூட வளையவில்லை. ஏழாவதற்கு முட்டுக்கொடுத்து, மக்கியதை வெட்டியெறிந்து, நல்ல மரத்தில் ஒட்டுப்போட்டு போல்ட்டு முடுக்கினேன். அதுவும் மூட்டையைத் தாங்கி நின்றது. இரும்புப் பேச்சு ஒழிந்தது, அடுத்த மாதம் ஓடு ஏறும். உன் அம்மாவிடம் எல்லாம் சொன்னபோது, அதான் அன்னைக்குக் கையெல்லாம் பிசினும் தூளுமா வந்து நின்னீங்களா, நர்ஸம்மா பிள்ளையத் தொடவே விடலையே என்று சிரித்தாள்.

தச்சர்கள் வேலை முடித்த தேதியை உத்திரத்தின் மேல்பக்கத்தில், யாரும் பார்க்காத இடத்தில் கீறிவைப்பது வழக்கம். நான் இந்த முறை பக்கவாட்டில், ஏணியில் ஏறுகிறவன் கண்ணுக்கு நேராகக் கீறினேன். இன்ன தேதியில் தூள் அடைத்து மூடினேன், இன்ன தேதியில் வெட்டிச் சரிசெய்தேன் என்று இரண்டே வரி. முதல் வரியிலுள்ள தேதி உன் பிறந்த நாள். தப்பு என்னுடையது, அதில் உனக்குப் பங்கில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், இன்றைக்கு அதே ஆள் அதே சேதியோடு வந்தாலும் ஓடத்தான் செய்வேன். அடைத்து மூடாமல், எல்லாரும் பார்க்கும்படி திறந்துபோட்டுவிட்டு ஓடுவேன்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். வீட்டைப் பூட்டும் முன் இஸ்திரிப் பெட்டியின் வயரைக் கழற்றினாயா என்று ஒரு தரம் திரும்பிப் பார்.

என்றும் உன் நினைவாக,
அப்பா