சவர்க்காரம் படாத வாளி

என் செல்லக் கலாவுக்கு,

நேற்று கொட்டாஞ்சேனைக்குப் போய் ஒரு கத்தரிக்கோல் வாங்கி வந்தேன். எனக்கில்லை, உன் செடிகளுக்கு. நீ சிரிக்கிற சத்தம் கேட்கிறது. உன் மீன் தொட்டியைக் ‘குளம்’ என்று நையாண்டி பண்ணின அதே அக்காதான், ஓட்டோக்காரனோடு பேரம் பேசி, வெயிலில் காய்ந்து, அதற்கென்று ஆயுதம் தேடிப் போனாள்.

இதையெல்லாம் உன்னோடு நேரில் கதைக்க முடியவில்லையே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. என்னை விட இளையவள் நீ. போகிற வரிசை தெரியாதா உனக்கு? பாண் கடை வரிசையில் யாராவது முன்னுக்குப் பாய்ந்தால் நீதானே முதலில் சண்டைக்குப் போவாய்.

நான் வேலை செய்த காலம் முழுக்க ஒப்பரேஷன் தியேட்டரில் கத்தரிக்கோலும் இடுக்கியும் எடுத்து நீட்டிய நேர்ஸ். முழங்கை வரை கழுவாமல் ஒன்றையும் தொட்டதில்லை. அப்படிப்பட்டவளோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, உன்னிடம் இருந்த சாமான்களை நினைத்துப் பார். வெள்ளவத்தைக் கடல் காற்றில் துருப்பிடித்த குசினிக் கத்தரிக்கோல். செடியை மணலுக்குள் அழுத்த ஒரு ஈர்க்கு. கண்ணாடியில் பாசி சுரண்டப் பழைய பேங்க் கார்ட். தண்ணீர் இறக்க, ஆஸ்பத்திரியிலிருந்து நான் கொண்டுவந்து தந்த சேலைன் ரியூப். கடைசியாக, தொட்டிக்குத் தண்ணீர் எடுக்கிற அந்த வாளி. உள்ளே பச்சை பிடித்து, தொட்டால் வழுக்கிக்கொண்டு, குளியலறை மூலையில் ராணி மாதிரி இருக்கும்.

"அக்கா, அந்த வாளிக்கு மட்டும் சவர்க்காரம் காட்டாதை. சொல்லிப்போட்டன்" என்பாய். ஏன் என்று நான் கேட்டதில்லை. நீ சொன்னதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா, அல்லது ‘தியேட்டர் மிஸ்ஸிக்கு இது விளங்காது’ என்று விட்டிருப்பாயா?

ஒஃபிஸால் வந்ததும் கையைத் தொட்டிக்குள் விட்டு அளைவாய். பிறகு உடுப்பில் துடைத்துவிட்டு, பாசி மணக்க மணக்க வந்து என் தட்டில் இருந்து ஒரு வடையை எடுப்பாய். நான் தட்டையே உன் பக்கம் தள்ளிவிடுவேன். மிச்ச வடையும் கிடைக்கட்டும் என்றுதான் நீ அப்படிச் செய்தாய் என்று இப்போது சந்தேகம் வருகிறது.

நீ போன பிறகு தொட்டியை என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. உன்னோடு வேலை செய்த ரிஸ்வான், கொம்பனித்தெருவில் தானும் ஒரு தொட்டி வைத்திருக்கிற பிள்ளை, முப்பத்தோராம் நாள் கழிய வந்து எடுத்துக்கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்றான். எனக்கு ஆறுதலாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பக்கம் பார்க்காமல்தான் நடந்து திரிந்தேன். அந்த மீன்களுக்கு நீ இல்லையென்று தெரியவில்லை. ஆள் நடமாடினால் சாப்பாட்டுக்கு ஓடி வந்துவிடும்.

முப்பத்தொன்றுக்குத் துடக்குக் கழிக்க வீடு முழுதும் கழுவினோம். திரைச்சீலை, பாய், தலையணை உறை எல்லாம் வெளுத்தோம். ஐயர் வந்து மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அந்த வேகத்தில் நான் தொட்டியையும் விடவில்லை. இன்னொருவர் வீட்டுக்குப் போகிற சாமான், ஊத்தையாகக் கொடுக்கலாமா? தண்ணீரை முழுக்க மாற்றினேன். பில்டருக்குள் இருந்த பஞ்சைச் சவர்க்காரம் போட்டுக் கசக்கி, சுடுதண்ணீரில் அவித்து, வெயிலில் காயவைத்துப் போட்டேன். வாளியைக் குப்பைக்குக் கொடுத்தேன். கண்ணாடி தியேட்டர் மாதிரி மின்னியது. எனக்கே பெருமையாக இருந்தது.

ரிஸ்வான் தொட்டியை ஏற்ற ஒரு வானோடு வந்த நாளில் மீன்கள் எல்லாம் மேலே நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. சில மீன் பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. அவன் குனிந்து பார்த்தான்.

"அக்கா, பில்டர் பஞ்ச என்ன செஞ்சீங்க?"

"சவர்க்காரம் போட்டுக் கழுவி அவிச்சனான். ஏன்?"

அவன் முகம் போன போக்கிலேயே ஏதோ பிழை செய்துவிட்டேன் என்று விளங்கியது. அந்தப் பஞ்சின் ஊத்தைக்குள்தான் நல்ல கிருமி இருக்குமாம். மீனின் கழிவு நஞ்சாகாமல் அதுதான் காப்பாற்றுமாம். கிருமி என்றாலே கொல்லத்தான் வேண்டும் என்று இத்தனை வருஷம் இருந்தவளுக்கு இது எப்படித் தெரியும்? இந்த வீட்டில் உன்னுடையதாக உயிரோடு இருந்தது அந்தத் தொட்டி ஒன்றுதான். அதன் உயிரை நான் என் கையாலேயே அவித்துப்போட்டேன் கலா.

வானை அனுப்பிவிட்டு, ரிஸ்வான் ஓட்டோவில் தன் வீட்டுக்கு ஓடினான். திரும்பி வரும்போது ஷொப்பிங் பையில் கறுத்து, சொட்டிக்கொண்டு, ஒரு பஞ்சு. பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, அந்தப் பஞ்சை என் மின்னுகிற தொட்டிக்குள் பிழியத் தொடங்கினான். மண்ணிறமாகப் புகைந்தது. நான் அவன் கையைப் பிடித்துவிட்டேன்.

"என்ன தம்பி செய்யிறீர்? வேற வீட்டு ஊத்தையைக் கொண்டுவந்து?"

"வேற வீட்டு ஊத்தை இல்ல அக்கா. இது கலாக்காடதான். நான் தொட்டி வெச்ச நேரம் அவங்கட பஞ்சுல பாதிய வெட்டித் தந்தாங்க. அப்பயிலிருந்து இதத்தான் வெச்சிரிக்கன்."

செத்த வீட்டில் நான் அழவில்லை என்று நம்முடைய சொந்தங்களுக்கு ஒரு குறை இருந்தது. சவப்பெட்டி சொல்லவேண்டும், ஆட்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கவேண்டும், யார் அழுவது? அன்றைக்கு அந்தக் கலங்கல் தண்ணீருக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். ரிஸ்வான் நல்ல பிள்ளை. தன்பாட்டில் பிழிந்துகொண்டே இருந்தான். அவன் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

பாதி மீன் போய்விட்டது. மிச்சம் பிழைத்தது. பஞ்சை அவன் இங்கேயே, நம்முடைய பில்டருக்குள்ளேயே விட்டுவிட்டுப் போனான், தனக்கு ஒரு துண்டு மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு. தொட்டி தேறினதும் வந்து ஏற்றுகிறேன் என்றான். செடிகள் முதலில் கரைந்தன, பிறகு தளிர்விட்டன, இப்போது காடு மாதிரி வளர்ந்து மீனே தெரியவில்லை. அதுதான் கத்தரிக்கோல்.

குசினிக் கத்தரிக்கோலோடு நான் பட்ட பாட்டைக் கேள். உன் கை நீளம். என் கைக்குப் பின் மூலை எட்டாது. கதிரை போட்டு ஏறியும் தோள்மூட்டு வரை நனைந்ததுதான் மிச்சம். போதாததற்குத் துரு வேறு தண்ணீரில் இறங்கியது.

கொட்டாஞ்சேனைக் கடைக்காரன் ஒரு பெட்டியைத் திறந்து நீட்டினான். "செட் எகம கன்ன அக்கே, லாபாய்." முழுச் செட்டையும் எடுத்தால் மலிவு என்று சிங்களத்தில் சொன்னான். எல்லாம் பளபளப்பு. நான் அவனிடம் நனைத்த பஞ்சு கொஞ்சம் கேட்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பான். நல்ல கத்தரிக்கோல் நுனியாலேயே ஈரப் பஞ்சை வெட்டும். கூரில்லாதது பஞ்சை மென்று இழுக்கும், செடித் தண்டையும் அப்படித்தான் நசுக்கும். செட்டில் இருந்தது மென்றது. தனியாகத் தொங்கிய ஒன்று வெட்டியது. நீளக் காம்பு, நுனி வளைந்தது, துருப்பிடிக்காத உருக்கு. இடுக்கியையும் அமர்த்திப் பார்த்துத்தான் எடுத்தேன். இறுக்கமானது என் விரல்மூட்டுக்கு நோகும், தளிரையும் முறிக்கும். ஈர்க்கை மட்டும் மாற்றவில்லை. அதில் நீதான் சரி.

வரும் வழியில் ஒரு வாளியும் வாங்கினேன். வெறும் தண்ணீரால் அலசி, உன் ராணி இருந்த மூலையில் வைத்தேன். வேலைக்கு வருகிற மாலாவிடம், "அந்த வாளிக்கு மட்டும் சவர்க்காரம் காட்டாதை, சொல்லிப்போட்டன்" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று உறைத்தது.

ரிஸ்வான் பின்னேரம் கோல் எடுத்தான். தொட்டி தேறிவிட்டதுதானே, எப்போது வான் சொல்ல என்று கேட்டான். வான் வேண்டாம், நீர் மட்டும் வாரும், வடை சுடுகிறேன் என்றேன். "நல்லம் அக்கா" என்றான்.

பிறகு செடியை வெட்டினேன். பின் மூலை எட்டியது. ரயில் போகும்போது வழக்கம்போலத் தண்ணீர் நடுங்கியது, மீன் எல்லாம் என் விரலைச் சுற்றி வந்தது. வேலை முடிந்து கையை எடுத்தேன். நேரே சிங்குக்குப் போகவேண்டியவள், போகவில்லை. உடுப்பில் துடைத்துவிட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தேன். நீ ஒஃபிஸால் வந்து பக்கத்தில் நிற்கிற வாசம் அது.

இந்தத் தொட்டி இந்த வீட்டை விட்டுப் போகாது. உன் ஊத்தையில் ஒரு சொட்டும் இனிச் சவர்க்காரத்துக்குப் போகாது. என் கை எட்டும் வரை நான் பார்த்துக்கொள்வேன்.

பாசி மணக்கும் கையோடு,
உன் அக்கா