உன் அத்தான் மேல் தப்பில்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் குழந்தையும் சுகம் என்று உன் வீட்டுக்காரர் அப்பாவிடம் சொன்னார். குழந்தை எடை கூடியிருக்கிறதாம், பசி வந்தால் அழுது தெருவையே கூட்டுகிறதாம். அழட்டும். அழுகிற குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவுக்கு முட்டிவலி, படி ஏறும்போது மட்டும் முனகுகிறார். நான் கடைக்குத் திரும்பவும் போகிறேன். ஒரு ஓட்டல் முழுக்க ஜன்னல் திரை தைக்க வேண்டியிருக்கிறது. கடைக்காரர் ஒரு வார்த்தை விசாரிக்காமல் துணியைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். அந்த மனுஷன் நன்றாக இருக்க வேண்டும்.

நீ அத்தானுக்கு எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டேன். அவர் காட்டவில்லை. சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார், நான் எடுத்துப் படித்தேன். அக்காவை அவர் உன்னிடமிருந்து மறைத்துச் சாகடித்தார் என்று எழுதியிருக்கிறாய். குழந்தை முகத்தில் இனி அவர் விழிக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறாய். அவர் வந்து அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதமென்றால் கிழிப்பதற்கு முன்னால் கொஞ்சமாவது படிப்பாய்.

உனக்குச் சொல்லக் கூடாது என்றது அவர் இல்லை. நான்.

அக்காவுக்கு வயிற்றுவலி வந்தது உனக்குத் தெரியும். கண்ணாடிக் கடை வேலையில் நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்த வலி என்று அவளே மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு திரிந்தாள். அது கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது அவள், அப்பா, அத்தான், நான் நாலு பேரும் எதிரில் உட்கார்ந்திருந்தோம். ஆபரேஷன் செய்யலாமா என்று அப்பா கேட்டார். வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அக்காதான் பேசினாள். "சார், உங்க கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருக்கு. கடைக்கு வாங்க, நிமிர்த்தித் தர்றேன்" என்றாள். அவரும் அதைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதே வாரம்தான் நீ அழுதுகொண்டே போன் செய்தாய். இந்தத் தடவையும் ரத்தம் பட்டிருக்கிறது, கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்கிறார்கள் என்றாய். முன்னே இரண்டு முறை நீ பறிகொடுத்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியெல்லாம் நீ என் சேலையைப் பல்லால் கடித்துக்கொண்டு வந்தாய்.

உன்னிடம் மறைக்கச் சொன்னது முதலில் அக்காதான். "அவகிட்ட மூச்சு விடாதீங்க. நல்லபடியா பிறக்கட்டும், அப்புறம் நானே சொல்றேன்" என்றாள். அதுவரை இருப்போம் என்று நினைத்தாள். நாங்களும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டோம். உன்னிடம் போனில் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். பேசி முடித்துப் போனை என் கையில் கொடுத்துவிட்டு, தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பாள்.

பிறகு கண்ணெல்லாம் மஞ்சளாகி, உடம்பு சுருங்கி, என் ஒருத்தியால் தூக்கி உட்கார வைக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். அப்போது மனசு மாறினாள். "அவளை வரச் சொல்லும்மா. பார்க்கணும்" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அவள் என்னிடம் அதுவரை எதையும் கேட்டு வாங்கியவள் இல்லை, உனக்கே தெரியும்.

சரி என்றேன். சொல்லவில்லை.

தெரிந்தால் நீ கிளம்பிவிடுவாய். டாக்டர் சொன்னாலும் கேட்க மாட்டாய், கட்டிய புருஷன் கதவைப் பூட்டினாலும் ஜன்னல் வழியே குதித்து வருவாய். அத்தனை நேரம் ரயிலில் குலுங்கி வந்து, அவளையும் அந்தக் கோலத்தில் பார்த்தால் உன் வயிற்றில் இருப்பது நிற்காது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்ன, நிச்சயமாகத் தெரிந்தது.

அத்தான் ஒத்துக்கொள்ளவே இல்லை. "அத்தே, அவங்க அக்கா தங்கச்சி. அவங்களே பேசி முடிவு பண்ணட்டும். நடுவுல நாம யாரு?" என்றார். நான் அவரைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். "நீங்க சொன்னீங்கன்னா நான் இப்பவே கிளம்பிடுவேன். நீங்க எங்கேயோ லிஃப்ட்டுக்குள்ள தொங்கிக்கிட்டு ரிப்பேர் பண்ணும்போது இவளை யாரு கழுவித் துடைப்பாங்கன்னு பாருங்க" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்தப் பேச்சை என்னிடம் அவர் எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வந்துவிட்டது, அது வேலையும் செய்தது.

அக்காவின் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று உனக்குச் செய்தி அனுப்பியது நான். அது பழுதாகிக் கடையில் கிடக்கிறது என்று அவளிடம் சொன்னதும் நான். போன் என் துணிப்பைக்குள் அணைந்து கிடந்தது. "சொல்லிட்டேன், வர்றேன்னா" என்றேன் அவளிடம். அடுத்த வாரம், டாக்டர் விடவில்லையாம் என்றேன். "அம்மா, உன் போன்லயாவது ஒரு வார்த்தை பேசச் சொல்லேன்" என்றாள். பேசினால் அழுதுவிடுவாளாம், வயிற்றுக்கு ஆகாதாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

நீயும் சும்மா இருக்கவில்லை. அக்கா ஏன் பேசுவதில்லை, எனக்குப் பிள்ளை வரப்போவது அவளுக்குப் பொறுக்கவில்லையா, தனக்கு இல்லை என்கிற பொறாமையா என்று என்னிடம் கேட்டாய். கேட்டது மறந்திருக்கும். நான் மறக்கவில்லை. நீ அதைக் கேட்கும்போது அவள் எனக்கு எட்டுகிற தூரத்தில்தான் படுத்திருந்தாள். சின்ன வயதில் ஒருத்தி மேல் ஒருத்தி கோள் சொல்லிக்கொண்டு என்னிடம் ஓடி வருவீர்களே, அதே மாதிரி இரண்டு பேரும் என்னிடமே வந்தீர்கள். அப்போதெல்லாம் ஆளுக்கு ஒரு அடி கொடுத்துச் சேர்த்துவைப்பேன்.

அவள் கட்டில் பக்கத்திலேயே மிஷினைப் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய திரைகளைத் தைத்துக்கொண்டிருந்தேன். "சத்தம் தலைக்குள்ள ஓடுது, நிறுத்தும்மா" என்பாள். நிறுத்தினால், "ஓட்டும்மா, இப்பவே எழவு வீடு மாதிரி இருக்கு" என்பாள். ஒருநாள் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, "என் நோய் அவ குழந்தைக்கு ஒட்டிக்கும்னு பயப்படுறா போல" என்றாள். நான் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தேன்.

இனி சொல்லப்போவதைப் படிக்க வேண்டாம் என்றால் இங்கேயே நிறுத்திவிடு.

கடைசியாக அக்கா உன் பெயரைச் சொல்லிச் சிரித்தாள், உன்னையும் குழந்தையையும் வாழ்த்திவிட்டுப் போனாள் என்று அத்தான் உன்னிடம் சொன்னார் அல்லவா. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு விடுகிறேன் என்று நீ எழுதியிருக்கிறாய். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "இனிமே அவ வந்தாலும் உள்ளே விடாதீங்க. எனக்குத் தங்கச்சி இல்ல" என்றாள். அதன்பிறகு உன்னைப் பற்றிப் பேசவே இல்லை. மருந்தின் மயக்கத்திலேயே இரண்டொரு நாளில் போய்விட்டாள்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். அவளுக்கு எதுவுமே தெரியாதடி என்று ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் போனைக் கொடு என்பாள். கொடுத்தால் அவள் குரலைக் கேட்டே நீ கண்டுபிடித்துவிடுவாய். அதனால் அவளை அப்படியே போகவிட்டேன்.

உன் மேல் உள்ள பாசத்தால் செய்தேன் என்று தப்பாக நினைத்துவிடாதே. உங்கள் இருவரில் எனக்கு எப்போதும் அவளைத்தான் பிடிக்கும். நீ சிறுமியாக இருக்கும்போதே இதை என் முகத்துக்கு நேராகக் கேட்டாய், நான் இல்லை என்று சொல்லி உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நீ கேட்டது சரிதான். ஆனால் போகிறவளைப் பிடித்து நிறுத்த என்னால் முடியாது, வருகிறதை வரவைக்க முடியும் என்று இருந்தது. முடிகிற காரியத்தைச் செய்தேன். மறுபடியும் அதே நிலைமை வந்தால் மறுபடியும் அதையே செய்வேன். மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை.

பிள்ளை பிறந்து, நீ வீடு திரும்பி, தையல் பிரித்த பிறகு, நான் வந்து சொல்வதாகத்தான் இருந்தேன். கிளம்புகிற அன்று எனக்குக் கால் வரவில்லை. அத்தான்தான் என் கையிலிருந்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டு தான் போவதாகச் சொன்னார். அங்கே வந்து பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வார் என்று எனக்குத் தெரியாது. நீ அவரை வாசலோடு அனுப்பினாய் என்பதும் உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. திரும்பி வந்தவரிடம் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "குழந்தைக்கு அப்படியே பெரியம்மா நெத்தி, அத்தே" என்றார். எட்ட நின்று பார்த்திருக்கிறார்.

அவரை வெறுத்துக்கொண்டு, அவர் கொடுத்த பொய்யைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீ தூங்குகிறாய். அது எனக்குப் பொறுக்கவில்லை. வெறுப்பை என் பக்கம் திருப்பிவிடு. எனக்குத் தாங்கும்.

அவருக்கு ஒரு வரி எழுது. குழந்தையை எடுத்துக்கொண்டு வந்து அவர் மடியில் கொஞ்ச நேரம் போடு. என்றைக்கு வருகிறாய் என்று அப்பாவிடம் சொன்னால் போதும், நான் காலையிலேயே கடைக்குப் போய்விடுகிறேன், நீ கிளம்பிய பிறகு வருகிறேன். கழுத்து இன்னும் நிற்காது, தூக்கும்போது தலைக்குக் கை கொடு.

உனக்கு இன்னொரு குழந்தையும் பிறக்கட்டும். இரண்டில் எது வேண்டும் என்று உன்னை யாரும் ஒருநாளும் கேட்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் இருவரின் அம்மா